ஏஜெண்ட் வீட்டு ஆபரேஷன்

ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கும் என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் விழுப்புரமே அதிர அலறுவீர்கள். அதனால்தான் என் தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் எனக்கு அப்பெண்டிக்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, இட்லி சாப்பிடுகிறேன்.

முறைக்காதீர்கள். முதலில் தனியார் ஆஸ்பத்திரியில் நீங்கள் போட்டுக் கொடுத்த இன்சூரன்ஸ் கார்டைத்தான் நீட்டினேன். "கம்பெனி ஓகே சொல்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருங்க" என்றார்கள். உட்கார முடிந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்? இங்கே வந்துவிட்டேன்.

இந்த வார்டு நர்ஸம்மாவிடம் உங்கள் தொழிலைக் கூச்சத்தோடுதான் சொன்னேன். "ஜல்தி வரச் சொல்லுங்க, எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பாலிசி போடணும்" என்கிறார்!

ஃபாரத்தோடு வாருங்கள். ஆனால், என் கட்டிலைத் தாண்டித்தான் அந்த நர்ஸம்மாவிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் பிடித்த முதல் பாலிசிக்காரி