விரல் தூக்காத ட்வைட் அம்மாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே மொன்டானாவில் கோதுமை அறுவடை முடிந்தது.

தூக்கம் சரியாக வராததால் மனநல ஆலோசனைக்குப் போகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. அப்படி ஆலோசனை தர உரிமம் பெற்ற மனநல சமூகப் பணியாளர் இந்த மாவட்டத்துக்கே ஒருவர்தான், ட்வைட் அம்மாள். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது இந்த ஊர் மரியாதை; பக்கத்தில் இருப்பவரும் தூக்குவார். அவர் மட்டும் முதலில் தூக்கவே மாட்டார். திமிர் என்று ஊரே பேசும், முன்பு நானும்தான். ஆலோசனைக்குப் போன முதல் நாளே காரணம் சொன்னார்:

"நான் தூக்குனா, இவங்கள உனக்கு எப்படித் தெரியும்னு உங்க கூட இருக்கறவங்க கேப்பாங்க. நீங்க தூக்குங்க, நானும் தூக்கறேன்."

நேற்று முதலாளி ஆர்லன் ஓட்ட, அவர் வண்டியில் கோதுமைக் கிடங்குக்குப் போனேன். எதிரே ட்வைட் அம்மாள் வந்தார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஆர்லன் விரலைத் தூக்கினார், அவரும் தூக்கினார்.

என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு ஆர்லன் சொன்னார்: "திமிரெல்லாம் இல்லப்பா. நம்மளக் காட்டிக் குடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

பிறகு கிடங்கு வரும்வரை இருவரும் மழையைப் பற்றியே பேசினோம்.

கனமான காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் பின்னியதாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே முதலில் போன் செய்யுங்கள். முதலில் போனை எடுக்க எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

தபால் வண்டி வந்துவிட்டது.

லோவெல்