நீச்சல்குளத்துக்கு இரண்டு கோட்டு நீலம்

மார்ச் 4

காலையில் பொறியாளர் கூப்பிட்டார். பொதுப் பொழுதுபோக்கு இடங்களைப் புதுப்பிக்க மாநில அரசு மானியம் தருகிறதாம். நகரங்கள் போட்டி போட வேண்டும். மூடிக் கிடக்கும் நீச்சல்குளத்துக்கும், கூரை ஒழுகும் பூப்பந்து அரங்கத்துக்கும் எங்கள் நகராட்சி கேட்கப் போகிறது. விண்ணப்பம் எழுதுவது நான். இலக்கியம் படித்தவள் என்பதால்.

இலக்கியத்துக்கு இந்த அலுவலகம் இதுவரை கொடுத்த வேலை, தெருநாய்ப் புகார்களுக்குப் பதில் எழுதுவது. ஆக, இது பதவி உயர்வு.

மார்ச் 7

குளத்தைப் பார்க்கப் போனேன். இறங்கி நின்றால்தான் ஆழம் புரிகிறது. ஓடுகள் பெயர்ந்திருக்கின்றன. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். விரலை நுழைத்தேன், போயிற்று. அடியில் நின்று பேசினால் குரல் திரும்பி வருகிறது. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ கடன்காரியைக் கூப்பிடுவது போலிருந்தது.

உயிர்காப்பாளர் இன்னும் தினமும் வேலைக்கு வருகிறார். குளத்தைத்தான் மூடினார்கள், பதவியை மூட மறந்துவிட்டார்கள். ஆழமான பக்கத்தில் நிழல் அதிகம் என்று அங்கே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். குளம் மூடிய பிறகு ஒருவர்கூட மூழ்கவில்லை என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

மார்ச் 8

அம்மாவிடம் சொல்லலாமா? ஆசை காட்டி மோசம் செய்வது போலாகிவிடுமோ?

அவள் முழங்காலுக்கு மருத்துவர் இரண்டே வழி சொன்னார். தினமும் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை. கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். அடுத்த ஊர்க் குளத்துக்கு இரண்டு பஸ். கொஞ்ச நாள் போய்ப் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

"முட்டி வலிக்குக் குளம். குளத்துக்குப் போக பஸ்ஸு. பஸ்ஸுல ஏற முட்டி வேணும். போடீ, நீயும் உன் டாக்டரும்."

ஆகவே இந்த விண்ணப்பத்தில் எனக்கு உள்நோக்கம் உண்டு. எழுதி வைக்கிறேன். இங்கே மட்டும்.

மார்ச் 12

'நீரற்ற குளம் ஒரு நகரத்தின் மறதி' என்று தொடங்கியிருந்தேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, மறதிக்கெல்லாம் மானியம் கிடையாது. விரிசலுக்குத்தான் உண்டு."

விரிசல் என்று மாற்றினேன். யோசித்தால், என்னுடையதைவிட நல்ல சொல்.

ஏப்ரல் 2

அனுப்பியாயிற்று.

மே 19

முதல் கட்டத்தில் தேறிவிட்டோம்! மாநில அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். இடிந்து கிடப்பதை இடிந்து கிடக்கிறபடி காட்டினால் போதும், படிக்காமலே தேறுகிற பரீட்சை இது ஒன்றுதான் என்கிறார் பொறியாளர்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சர்க்கார் காரியம். பாப்போம்" என்றாள். ஆனால் சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டாள், அந்த அதிகாரி நல்ல மாதிரியா என்று.

மே 22

என்னன்னு எழுத.

நேற்று முழுக்கப் பொறியாளரும் நானும் வெளியூரில், வரைபடக் கூட்டம். இன்று காலை நேரே குளத்துக்குப் போனால் – குளம் பளபளக்கிறது. புது நீலம். விரிசல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டுப் பூச்சு. பூப்பந்து அரங்கம் வெள்ளை வெளேரென்று கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. வாசலில் தொட்டிச் செடிகள் வேறு.

எங்கள் நகராட்சிக் கட்டட மேஸ்திரி சட்டையெல்லாம் நீலத்தோடு நின்றார். மேலிடத்து ஆள் வருகிறார் என்ற சேதியே அவருக்குப் போதுமாயிருந்திருக்கிறது. இங்கே யார் வந்தாலும் முதல் நாள் சுண்ணாம்பு. அமைச்சருக்குச் சுண்ணாம்பு, தணிக்கைக்குச் சுண்ணாம்பு. அடியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அடிக்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. தோன்றுமா, யாருக்காவது?

பொறியாளர் சுவரைத் தொட்டு, நீலமான விரலைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "இத்தன வருஷமா இந்தச் சுவத்துக்கு ஒரு பூச்சுப் பூசுங்கன்னு கெஞ்சினேனே மேஸ்திரி. இன்னிக்குத்தான் மனசு வந்துதா?"

"வெளியாளுக்கு அழுக்கைக் காட்டினா நமக்குத்தானே சார் அசிங்கம்?"

தூங்காத கண்கள். இந்த மனிதரை எப்படித் திட்டுவது?

அதிகாரியம்மா வந்தார். கையில் குடை, முகத்தில் எதுவும் இல்லை. சுற்றி நடந்தார். விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"விரிசல் விரிசல்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. எங்க இருக்கு?"

பூச்சுக்கு அடியில் என்று பொறியாளர் சுவரைக் காட்டினார். பார்த்ததைத்தான் எழுத முடியும், இதைவிட மோசமான குளங்கள் மாநிலத்தில் வரிசையில் நிற்கின்றன என்றார் அதிகாரியம்மா. பேனா மூடியைக் கழற்றினார். அது காகிதத்தைத் தொட்டால் தீர்ந்தது. அம்மா முட்டி, ரெண்டு பஸ்ஸு, கத்தி, எல்லாம் –

"மேடம், தண்ணி விட்டுக் காட்டட்டுமா? சாயங்காலம் வரைக்கும் இருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

என் குரலா அது? மன்றாடுகிற குரல். குளத்துச் சுவர் அதைத் திருப்பி வேறு சொன்னது.

இருந்தார்.

லாரி லாரியாகத் தண்ணீர் விட்டோம். முதலில் ஒன்றுமே ஆகவில்லை. பூச்சு தாங்கியது. நகராட்சி வேலை ஒன்று உருப்படாமல் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் மேஸ்திரி, பிள்ளை மேடையேறிய தகப்பன் போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நீலம் பாய்போல உரிந்து மிதந்தது. பிறகு இன்னொரு பாய். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கீழ்ப்பக்கத்து நுழைவுச்சீட்டு அறையிலிருந்து உயிர்காப்பாளர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், பின்னாலேயே தண்ணீரும். வந்தவர் என்ன நினைத்தாரோ, விசில் ஊதினார்.

அதிகாரியம்மா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வெளியே வந்த முகம் பழையபடி இருந்தது. "எழுதிக்கறேன்" என்றார்.

மேஸ்திரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "மூணாவது கோட்டு அடிச்சிருந்தா நின்னிருக்கும் மேடம்."

ஜூன் 30

தகவல் இல்லை.

ஜூலை 16

மானியம் வேறு நகரத்துக்குப் போய்விட்டதாகப் பேச்சு. யார் கிளப்பியது என்று தெரியவில்லை. அம்மா எதுவும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை. நம்பிக்கை என்பது – வேண்டாம். மறதிக்கே மானியம் இல்லை.

ஆகஸ்ட் 5

கிடைத்துவிட்டது!

குளத்துக்கு மட்டும். அரங்கத்துக்கு இல்லை. அங்கே மேஸ்திரி அடித்த சுண்ணாம்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது, அன்றைக்கு மழையும் வரவில்லை. அடுத்த முறை மேஸ்திரியை முன்கூட்டியே விடுப்பில் அனுப்பிவிடலாம் என்றார் பொறியாளர், அவர் காதுபடவே. மேஸ்திரி சிரிக்கவில்லை. பந்து ஆடுகிறவர்கள் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது என்றார். எனக்கும் அதே கேள்வி.

அம்மா: "சரி. கை கழுவிட்டு வா, சாப்பிடு." என் தட்டில் எல்லாமே இரட்டிப்பாக விழுந்தது.

டிசம்பர் 9

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் குளத்தை உடைக்கிறார்கள். மேஸ்திரி தினமும் போய்ப் பூச்சு சரியில்லை என்று சொல்லிவிட்டு வருகிறாராம்.

மார்ச் 20

திறந்தார்கள். காலை நேரம் பெண்களுக்கு. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று, தண்ணீர் சில்லென்று இருப்பதற்கு என்னைத் திட்டினாள். நின்று பேசாமல் நடக்கச் சொல்லி உயிர்காப்பாளர் கரையிலிருந்து அதட்டினார். இத்தனை வருஷத்துச் சம்பளத்தை ஒரே நாளில் நியாயப்படுத்துகிற அதட்டல். அம்மா அவரையும் திட்டினாள். நடந்தாள்.

ஜூன் 11

அலுவலகம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி அம்மாவிடம். சாயங்காலமும் குளத்துக்குப் போய்விட்டாளாம், அங்கே அவளுக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டதாம். எதிர்வீட்டு அக்கா சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பசி. கோபம் வர வேண்டும். வரமாட்டேன் என்கிறது –

வந்துவிட்டாள். ஈரத் தலை, தோளில் பை, மாடிப்படிக் கைப்பிடியில் கை இல்லை.

"எந்திரிடீ. நடுப்படியில உக்காந்தா மனுஷங்க எப்படி ஏறுறதாம்?"

ஒதுங்கினேன். ஏறிப் போய்விட்டாள்.