மீனவர் மகளா என்றார்கள், தலையாட்டினேன்

என் தங்கமான நைனாவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன்னைப் பற்றி ஊரறிய ஒரு பொய் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி உருவங்கள் செய்வதை நான் விடவில்லை. போன மாதம் ஒரு பெரிய ஆமையைக் காட்சிக்கு வைத்தேன். ஓடு முழுக்க வார் அறுந்த செருப்புகள். கால்களுக்குக் கிழிந்த மீன்வலை. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கடல் மேல இவ்ளோ பாசம் எங்கருந்து வந்துச்சு? உங்க அப்பா மீனவரா?"

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் நைனா? ஆம்பூரில் ஷூ ஃபேக்டரியில் சோல் ஒட்டியவர் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பாலாறு தோல் கழிவால் கெட்டது என்று பேசுகிறவர்கள் நடுவில் உன் வேலையைச் சொல்லக் கூசிவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் 'மீனவரின் மகள்' என்று படத்தோடு வந்தது. அதைப் பார்த்து, மீனவக் குடும்பத்துக் கலைஞர்களுக்கான ஆறு மாதப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். சர்ச்சில் யாரோ பேப்பரைக் காட்டியிருக்கிறார்கள்.

"இன்னாடி இது? உங்க நைனா எப்போ மீன் புடிச்சாரு?"

"அவங்க தப்பா போட்டுட்டாங்கம்மா."

"நீ இன்னா சொன்ன?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"சோல் ஒட்டித்தானே உன்ன படிக்க வெச்சாரு. உன் மொத பொம்ம பிரிஞ்சி வுழுந்தப்ப லீவு போட்டு மெட்ராஸுக்கு ஓடி வந்தாரே, மறந்துட்டியா?" போனை வைத்துவிட்டாள்.

மறக்கவில்லை. ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து செருப்புத் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தாய். "அவசரப்படாத பாப்பா. ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி காய வுடு. அப்புறம் அமுக்கு" என்றாய். அப்போது ஒரு தோழி வந்து, இவர் யார் என்று என்னிடம் கேட்டாள். "ஊர்லருந்து வந்திருக்காரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்ததா நைனா?

திங்கட்கிழமை காலையில் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அங்கிருந்த மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்து ஒரு பொண்ணு இருந்தா. அவங்க அப்பா நெஜமாவே கடலுக்குப் போறவரு. எடமில்லன்னு சொல்லிட்டோம்."

அந்த இடம் அவளுக்கே போனது. போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். பேப்பரிலும் திருத்தம் போடச் சொன்னேன். ஒரு மூலையில் நாலு வரி வந்தது. யார் படித்திருப்பார்கள்?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்கிட்ட சொல்லி இன்னா?" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். வருகிற ஞாயிறு ஆம்பூருக்கு வருகிறேன். ஆராதனை முடிந்ததும், உன்னோடு வேலை செய்தவர்கள் எதிரில் நின்று, பேப்பர் தப்பாகப் போடவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று என் வாயாலேயே சொல்வேன். முகம் திருப்பிக்கொண்டு போனாலும் போகட்டும். இனி எந்த ஊரில் யார் கேட்டாலும் உன் பேரையும் உன் வேலையையும் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஷூ ஃபேக்டரி தேவராஜின் மகள்
ஜெசிந்தா