மெர்சிக்கு நடந்த அற்புதம்

1979 ஜூன் 4, திங்கள்

வெயில் தாங்கவில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து தோல் நாற்றம். வார்டில் ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரம் ஓட்டை. அடுத்த மாதம் மாற்றுவார்களாம்.

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் மகள் மெர்சியின் வலிப்பு மாத்திரை டப்பா காலி. அவள் அப்பா கிணற்றில் கொட்டிவிட்டார். தோல் கம்பெனியில் சூப்பர்வைசர், படித்தவர்.

"பிரதர் சொல்லிட்டாரு. மாத்திரையும் விசுவாசமும் ஒண்ணா இருக்காது."

பிரதர் ஞானையா ஒரு நாள் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர். முன்னறையிலேயே தங்கிவிட்டார். உபவாசமாம், சோறு தொடமாட்டார். தோசை, முட்டை, ஆப்பிள் மட்டும். டேபிள் ஃபேன் இப்போது அவருக்கு, மெர்சிக்கு விசிறி.

திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஜாஸ்தியாக வரும் என்று மெர்சி அப்பாவிடம் சொன்னேன்.

"உன் டாக்டரு பெரியவரா, ஆண்டவரா?"

நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வேறு மாத்திரை. பொடித்து, வாழைப்பழத்தில் வைத்து.

ஜூன் 10, ஞாயிறு

புழுக்கம். மாலை எங்கள் வாசலில் கூட்டம், பெஞ்சு போதவில்லை. பிரதர் மெர்சியைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"மருந்து இல்ல, மாத்திரை இல்ல. புள்ள கீழ விழுந்துச்சா?"

"இல்ல" என்றது கூட்டம். மெர்சி அப்பா கண்ணீர் விட்டார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் பிள்ளை பக்கத்தில் என்னை விடமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 14, வியாழன்

அரிசி ஊறவைக்க. மெர்சி யூனிஃபார்ம் மடிப்புப் பிரிக்க.

பின்வீட்டு ராஜாத்தி, பீடி சுற்றுகிறவள், டி.பி. இருமித் துடைத்த துணியில் ரத்தம். மாத்திரை சாப்பிடுகிறாயா என்றேன்.

"நிறுத்திட்டேன்க்கா. மெர்சிக்கே சரியாயிடுச்சே, எனக்கு ஆவாதா?"

மெர்சிக்கு நான்தான் கொடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

"வீட்டுக்குள்ளயே அவிசுவாசம் பேசுவாங்கன்னு பிரதர் அன்னிக்கே சொன்னாரு."

ஜூன் 16, சனி

பேரணாம்பட்டு கிளினிக்கில் மாற்று டியூட்டி. சர்க்கரை ஊசி வரிசை. அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரதர். நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போகிறேன் என்று தினமும் காலையில் பஸ் ஏறுவது இதற்குத்தான்.

முகம் மாறவில்லை. "ஊழியக்காரன் உடம்பு ஆண்டவரோட சொத்து, சிஸ்டர். பாத்துக்கணும்ல."

"ராஜாத்தி உடம்பு யாரோட சொத்து?"

"அவளுக்கு விசுவாசம் கம்மி."

அளவு சரிபார்த்துப் போட்டேன். போடாமல் விட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் தோன்றியது. அந்த நினைப்புக்காக ஜெபம் செய்யவும் மனம் வரவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். மெர்சியின் மாத்திரை, பிரதருடைய ஊசி, இரண்டையும். மெர்சி அப்பா அவளைப் பிடித்து, "அம்மா மாத்திரை குடுத்தாளா?"

பிள்ளை என்னைப் பார்த்தது. "வாழப்பழம் குடுத்தாங்க."

பிரதர் மறுக்கவில்லை. முழங்காலிட்டார். "ஊசி போட்டுக்குறேன், மெய்தான். உங்க எல்லார் நோவையும் சுமக்குற உடம்பு இது." பெண்கள் விம்மினார்கள். பிறகு எனக்காக ஜெபம். என் தலைமேல் எத்தனையோ கைகள். மெர்சி அப்பா கைதான் அழுத்தியது. ராஜாத்தி சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18, திங்கள்

தூறல். வீட்டுக்கு இனி வாழைப்பழம் வரக்கூடாது என்று உத்தரவு. மெர்சியின் இரண்டு கவுன், ஸ்லேட்டு, என் யூனிஃபார்ம். ஒரே பை. மெர்சியோடு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு. குவார்ட்டர்ஸில் மேட்ரன் ஓர் அறை கொடுத்தார், காரணம் கேட்கவில்லை.

வார்டில் ராஜாத்தி. விடியற்காலை ரத்தவாந்தி, அவள் புருஷன் தூக்கி வந்திருக்கிறான். மருந்து மறுபடி ஆரம்பம். ரொம்பத் தாமதம் என்கிறார் டாக்டர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு மெர்சி அப்பா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மெர்சி எப்படி என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பிரதருக்கு மத்தியானம் யாரு சமைக்கிறது?" என்றார்.