ஒரே ஊசியில் தீரும் கதிர்வீச்சு

17.8.2008, ஞாயிறு



என்னோடு வேலை செய்யும் நசீர் சாயந்தரம் விம்கோ நகர் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் ஊர் முழுக்கக் கதிர்வீச்சு. கிட்டே போனால் அதை அளக்கும் மீட்டர் கரகரக்கிறது, எங்கள் கம்பெனி மீட்டர் மாதிரியே. உடனே பையிலிருந்து ஓர் ஊசி. குத்தியதும் சத்தம் அடங்கி, ஆள் பழையபடி ஓடுகிறான்.

"பாத்தியா மாமு, ஒரே குத்து, அல்லாம் க்ளீன்! நம்ம கம்பெனில இது கீதா?" என்று சிரித்தான். மவுஸை நடுவிரலால் தட்டிக்கொண்டிருந்தான். கொப்புளம் வெடித்த ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"டாக்டராண்ட இன்னா சொன்னே?" என்று கேட்டேன்.

"சுடுதண்ணி பட்ச்சின்னேன். வுடு மாமு."

மூன்று வாரம் முன்பு, பைப் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் எடுக்கும்போது, கதிர் வீசும் சோர்ஸ் டியூபில் சிக்கிக்கொண்டது. இவன் அந்த டியூபை வெறும் கையால் பிடித்து உலுக்கினான். உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டுவதற்குத்தான் சட்டையில் பேட்ஜ். நேற்று அதன் ரிப்போர்ட் வந்தது. நசீர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? எங்கள் எல்லாருடைய பேட்ஜும் ஆபீஸ் டிராயரில்தான் தூங்குகிறது.

அந்த விளையாட்டைச் செய்தவன் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது.

சோர்ஸ் சிக்கிய அன்று காலை நசீர் பேட்ஜை மாட்டிக்கொண்டுதான் வந்தான். "கயட்டுடா. ரீடிங் ஏறிச்சின்னா வேலை குடுக்காம வூட்ல குந்த வெச்சிருவானுங்கோ" என்று சொல்லி, அவன் சட்டையிலிருந்து அதைக் கழற்றி டிராயரில் போட்டவன் நான்.