பட்டன் போடத் தெரிந்தவன்

தலை பின்னும்போது ஒரு குட்டாவது வைக்காமல் விடாத என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இப்போது நானே பின்னிக்கொள்கிறேன். வகிடு கோணலாகத்தான் வருகிறது, பரவாயில்லை. நைனா விசைப்படகில் போயிருக்கிறார். இன்னும் நாலு நாளில் காசிமேட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஆனால் நீ முதலில் கேட்கப்போவது பாபு அண்ணனைப் பற்றித்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ இல்லாத வீட்டில் அவனைத் தனியாக விட முடியவில்லை அம்மா. நைனா கடலில், நான் பள்ளியில். ஒரு நாள் உன்னைத் தேடிக் கிளம்பி, துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் நின்றிருக்கிறான். ஒரு டிரைவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அதற்குப் பிறகு எண்ணூரில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு வீட்டில் சேர்த்தோம். அவனையும் சேர்த்து ஆறு பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். பகலில் அத்தனை பேரையும் பார்த்துக்கொள்வது ராணி அக்கா ஒருத்திதான்.

குறை என்று சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. தரை பளிச்சென்று இருக்கிறது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. யாரும் யாரையும் அதட்டுவதில்லை. பிறகு ஏன் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் எனக்கு அப்படி ஓர் அசதி?

போன ஞாயிறு புரிந்தது. நைனா எடுத்த நீலச் சட்டையை அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றான், நான் மாட்டிவிடுவேன் என்று.

நம் பாபு அம்மா. கிட்டே போனாலே "நானு, நானு" என்று கையைத் தட்டிவிடுவானே, அவன்.

அவனுக்குப் பட்டன் போடக் கற்றுக்கொடுக்க உனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பிப்பாய். அவன் தடுமாறும்போது உன் கை தானாக அவன் பக்கம் போய்விடும் என்பதால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்வாய். "அவன் கைய விட என் கையதான்டி அடக்கிவெக்கணும்" என்பாய். அடுப்பில் சோறு குழைந்த நாட்கள் எத்தனை!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராணி அக்காவிடம் கேட்டேன்.

"இன்னா கண்ணு, என்னாண்ட கோச்சுக்கிற? ஆறு பேரு, ரெண்டு கையி. அவனவன் பட்டன் போடட்டும்னு நின்னுகினு இருந்தா இட்லி கல்லாப் பூடும். அதுவுமில்லாம, எழுதிக் குடுத்தத்தான நான் செய்றேன்?"

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

அக்கா உள்ளே போய் அவன் கோப்பை எடுத்துவந்து பிரித்தாள். "சட்டை அணிதல்: முழு உதவி தேவை. உணவு: ஊட்ட வேண்டும். வேலைகள்: எதுவும் தெரியாது." குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. தமிழ் டீச்சர் வகுப்புக்கே தூக்கிக் காட்டும் என் கையெழுத்து.

நான்தான் எழுதினேன் அம்மா. நைனாவுக்கு எழுத வராது, கையெழுத்து மட்டும் போட்டார். தெரியும் என்று எழுதினால் இடம் கிடைக்காதோ என்று பயந்தேன். யாரிடம் கற்றேன் அதை? உன்னிடம்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் நீ அவனைப் பக்கத்தில் நிற்கவைத்தே சொல்வாய்: "இவனுக்கு ஒண்ணுமே தெரியாது சார், எல்லாம் நான்தான் செஞ்சு உடணும்." அப்படிச் சொன்னால்தான் கொடுப்பார்கள் என்று நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெளியே வந்ததும் அவன் முகவாயைப் பிடித்துக்கொள்வாய். "சும்மானாச்சும் சொன்னேன்டா ராஜா. உனக்கு எல்லாம் தெரியும்." அவன் தலையாட்டிச் சிரித்த பிறகுதான் பேருந்து ஏறுவோம்.

பொய்யை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டேன். ஐந்து மாதமாக அந்தத் தாள் சொல்வதைப் போலவே அவன் ஆகிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அக்கா, இவனுக்கு நெத்திலி ஆயத் தெரியும். தலைய கிள்ளி, குடலு எடுத்து, ஒரு சட்டி மீன ஆஞ்சிடுவான்" என்றேன்.

"அய்ய, சொல்லவே இல்லியே! இத்தினி நாளா நானே குந்திகினு ஆஞ்சிகினு கீறேன், இவரு தொரை மாதிரி டிவி பாக்குறாரு." பாபுவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஏன்டா டேய், வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

அவன் சிரித்தான்.

நான் அவன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போலவே சொன்னேன். சட்டையை அவன் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து. அவன் எழுந்து கைகளை விரித்தபடியே நின்றான். என் கை மரத்துப்போயிற்று. உனக்கும் இப்படித்தான் மரத்துப்போகுமா? ஒருநாளும் நீ சொன்னதில்லையே.

சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் அவன் கீழே விழுந்த சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தான். பிறகு இன்னொன்றை. கீழ்ப் பட்டனைத் தவறான ஓட்டையில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். மேலே ஐந்து பட்டன்கள் திறந்தே கிடந்தன. அவ்வளவுதான் அம்மா, அதற்கு மேல் நடக்கவில்லை. அப்படியே சாப்பிடப் போனான்.

"ஞாயித்துக்கெழம பரவால்ல. மத்த நாளு என்னால உறுதி குடுக்க முடியாது கண்ணு" என்றாள் ராணி அக்கா. பொய் சொல்லவில்லை அவள். இன்னோர் ஆள் வேண்டும் என்று அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம். ஆனால் நெத்திலி வாங்கும் நாளில் அவனைப் பக்கத்தில் உட்காரவைப்பதாகச் சொன்னாள். புதுத் தாள் எழுதிக் கொடுத்தால் கோப்பில் வைத்துக்கொள்வார்களாம், ஆனால் அதற்கு நைனா கையெழுத்து வேண்டும்.

எழுதிவைத்துவிட்டேன். "கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கவும். காத்திருக்கவும்." இந்த முறை எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

நைனா வந்து கையெழுத்துப் போட்டதும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி எங்காவது அவனைப் பற்றி அப்படிச் சொல்லியே தீரவேண்டும் என்றால், வாசலைத் தாண்டுவதற்குள் அவனிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஞாயிறுதோறும் போவேன். மேலே இருக்கும் ஐந்து பட்டன்களுக்கும் என் கைகளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் மகள், பாபுவின் தங்கச்சி,
பவித்ரா