புளி போட்டுத் தேய்த்த மணி

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை கருப்பர் கோவில் படியில் கால் பிசகி விழுந்துவிட்டேன். மருமகள் ஏதோ ஒரு டப்பாவை எடுத்து வந்து கணுக்காலில் பீச்சினாள். ஜில்லென்று இருந்தது, வலி போகவில்லை. நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கி வரச் சொல்லி, இரும்புக் கரண்டியில் தண்ணீர் விட்டு, பற்றுப் போட நானே காய்ச்சினேன். அந்தக் கசப்பு நெடி எழுந்ததும் அடுப்படி நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வீங்கிய முழங்கால்கள், கிழிந்த புருவங்கள், பூட்ஸ் கட்டை பதிந்து கன்றிப்போன தொடைகள். நடுவில் நீங்கள், ஒரு கீறலும் இல்லாமல், ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டு.

உங்கள் உடம்பில் காயம் இருக்காது. நீங்கள் காயப்படுத்துகிறவர்.

நீங்கள் இருந்தவரை உங்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். எழுதிப் பழக்கமில்லாத கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேயாவிலிருந்து திரும்பிய முதலாளிக்குக் கால்பந்துக் கிறுக்கு. மற்ற ஊர்களில் மில்லில் வேலை பார்ப்பவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சாயங்காலம் ஆடினார்கள். நம் கிளப் அப்படியில்லை. ஆடுவது மட்டுமே வேலை, அதற்கு மாதச் சம்பளம், தங்குவதற்கு முதலாளியின் கோட்டையூர் வீட்டு இரண்டாங்கட்டு. உங்கள் அண்ணன் மேனேஜர். நீங்கள் கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற பேக். நான் சமையல். கலியாணமாகி வந்த இரண்டாம் வருடமே பதினைந்து ஆட்களுக்கு உலை வைத்தேன்.

பள்ளிக்கூடம் போகாதவள் நான். பஞ்சாங்கத்தை எழுத்துக்கூட்டி நானாகப் படித்தவள். அரிசி பருப்பு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கும் வைத்திருந்தேன். இடது பக்கம் வரவு, நம் ஆட்கள் வாங்கி வந்த அடி. வலது பக்கம் செலவு, நம் ஆட்கள் கொடுத்த அடி. உன் கையால் சோறு தின்றுவிட்டுத்தானே இதைச் செய்தார்கள் என்று சாமி ஒருநாள் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? செலவுப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு மட்டும் தாள் பற்றவில்லை. சிவகங்கை ஆட்டக்காரர் ஒருவருக்கு முன்பல் இரண்டு. திருச்சி கோல்கீப்பருக்கு விலா. இன்னொருவருக்குக் காது மடல்.

"என்ன மதினி எழுதுறீக?"

"உங்க பாவத்தை."

"நோட்டுப் பத்துமா? இன்னொண்ணு வாங்கியாரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தோமே. கோப்பை கோப்பையாக முதலாளி வீட்டு முகப்பில் அடுக்கினார்கள். "எதிராளிக்குக் காலு இருந்தாத்தானப்பா பந்து வரும்?" என்பார் அவர். தொடையைத் தட்டிக்கொண்டு நீங்கள் எழுந்து போவீர்கள்.

மதுரை டீமோடு பொட்டலில் நடந்த ஆட்டத்தை, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பெண்களோடு நின்று முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள் ஒருவர் பந்தை ஓரமாகக் கொண்டுவந்தார். நீங்கள் பந்தைப் பார்க்கவே இல்லை. ஓடிப் போய் இரண்டு காலையும் தூக்கி அவர் முழங்காலுக்குக் கீழே இறக்கினீர்கள். காய்ந்த முருங்கைக் கொம்பை முறித்தாற்போல ஒரு சத்தம், மாடிவரை கேட்டது. காலுறையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ வெளியே வந்தது. அவர் கத்தவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பெஞ்சுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்குக் கீழேதான் போனார்கள். அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"பந்து கோட்டைத் தாண்டிருச்சாண்ணே?"

அன்று நீங்கள் சாப்பிட உட்கார்ந்தீர்கள். இலை போட்டேன். சோறு போடவில்லை.

"என்ன மதினி, தீந்துபோச்சா?"

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

"நான் என்ன செஞ்சேன்? விசிலே ஊதல."

"அந்த ஆளு காலு என் காதுக்குள்ள முறிஞ்சுக்கிட்டே இருக்கு தம்பி. கருப்பர்ட்ட வந்து சூடம் அணைச்சுச் சொல்லுங்க, இனிமே மாட்டேன்னு. அப்புறம் போடுறேன்."

"பேக்குக்கு ஆடுறவன் காலைத் தூக்காம? பாட்டுப் பாடச் சொல்றீகளா?"

எழுந்து போய்விட்டீர்கள். ஊரில் உங்களுக்கு இலை போட எத்தனையோ வீடுகள் இருந்தன. எங்கும் நீங்கள் சாப்பிடவில்லை என்று உங்கள் அண்ணன் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றீர்கள். "வாங்க மதினி, போவோம். பசி தாங்கல."

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். "இனிமே ஆளு மேல காலை வைக்க மாட்டேன். வச்சா இந்தக் காலு எனக்கு வேண்டாம்." வலது உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அழுத்தினீர்கள். ஒற்றி எடுப்பதுதான் வழக்கம். நீங்கள் எடுக்கவில்லை. சதை பொசுங்கும் வாடை வந்த பிறகு பூசாரிதான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

அடுத்த வருடம் முழுக்க நீங்கள் ஒருவரையும் தொடவில்லை. இருந்தும் கிளப் முன்னைவிட அதிகமாக ஜெயித்தது. நீங்கள் ஓடி வருவதைப் பார்த்ததுமே எதிராளி பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினான். பழைய பயமே போதுமானதாக இருந்தது. உங்கள் அண்ணனுக்கு அது தெரியும். "சத்தியம் பண்ணுனது நம்ம மூணு பேரோடயும் பூசாரியோடயும் இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா கிளப்புக் கதை முடிஞ்சுச்சு" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை தம்பி. மணி கட்டினேன்.

செலவுப் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு வருடம் வெறுமையாக இருந்தால் கருப்பருக்கு வெண்கல மணி கட்டுவதாக வேண்டியிருந்தேன். வெறுமையாகத்தான் இருந்தது. பெயரும் வேண்டுதலும் வெட்டாமல் கட்டினால், இத்தனை நூறு மணிகளுக்கு நடுவே இது யாருடையது என்று சாமிக்கு எப்படித் தெரியும்? அதுதான் அப்போது என் புத்தி. பாத்திரக் கடையில் எழுத்து வெட்டுகிறவருக்கு நானே காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயர் போட்டு, 'காலால் ஆளைத் தொடேன் என்று சத்தியம் செய்து காத்ததற்கு மதினி உபயம்.' ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அடுத்த பைனலுக்கு வந்த மதுரை டீம் பஸ்ஸை நிறுத்தி, கருப்பருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பொட்டலுக்கு வந்தது. "ரொம்ப நேரம் அந்த மணிகிட்டயே நின்னாக தாயி, ஒருத்தரு மத்தவுகளுக்குப் படிச்சுச் சொன்னாரு" என்று பூசாரி பிறகு சந்தையில் என்னைப் பார்த்தபோது சொன்னார். மாடியில் நின்றபோது எனக்கு அது தெரியாது.

விசில் ஊதியதும் அவர்களுடைய ஆள் ஒருவன் பந்தை விட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்தான். முழங்கையால் வாயில் இடித்தான். ரத்தத்தோடு பல்லைத் துப்பினீர்கள். அடுத்தவன் தொடையில் மிதித்தான். நீங்கள் காலைத் தூக்கவில்லை. "மணி கட்டுன காளைடா! முட்டாது, வாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். மணி என்ற சொல்லை, நான் வெட்டச் சொன்ன எழுத்தைத் தவிர வேறெதுவும் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் உங்கள் வலது உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

அதன்பிறகு அது ஆட்டமே இல்லை. ஒரே முழங்காலில் நான்கு பேர் முறை வைத்து உதைத்தார்கள். முதல் கோல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. நம் ஊர்க்காரர்கள்தான் முதல் கல்லை எறிந்தார்கள், உங்கள்மேல். "தூக்குடா காலை, பொட்டப் பயலே!" சோடா பாட்டில் ஒன்று உங்கள் தோளில் பட்டு உடைந்தது. முதலாளியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சம்பளம் வாங்குறேல்ல? தூக்குய்யா!"

நீங்கள் நின்றீர்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பந்து வந்தபோது மட்டும் நகர்ந்து, மற்ற நேரமெல்லாம் வாங்கிக்கொண்டு. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து வந்து இறங்கினார்கள். அந்த முருங்கைக் கொம்புச் சத்தம் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. மற்ற பெண்கள் என்ன என்ன என்று கேட்டார்கள்.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. பந்தல் மூங்கில்களைப் பிடுங்கி நம் ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். ரெஃப்ரியின் தோள்பட்டையை உடைத்தார்கள். மதுரை ஆட்களை பஸ்ஸுக்குள் தள்ளி, ஜன்னல் ஜன்னலாக மூங்கிலை விட்டுக் குத்தினார்கள். போலீஸ் வந்து கண்மண் தெரியாமல் அடித்தது. மண்டை பிளந்தவர்களை மாட்டு வண்டியில் அடுக்கினார்கள். அதற்கு நடுவில் உங்களைத் தூக்க ஒருவரும் வரவில்லை. உங்கள் அண்ணன் தனி ஆளாக இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நம் கிளப்பை எந்த ஊர்ப் போட்டியிலும் சேர்க்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். முதலாளி கோல் கம்பங்களைப் பிடுங்கி மாட்டுக் கொட்டகைக்கு உத்திரமாகப் போட்டார். அண்ணன் எண்ணெய் மில்லுக்குப் போனார்கள். நீங்கள் மடங்காத காலை நீட்டியபடி சினிமாக் கொட்டகை வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தீர்கள். உங்களைப் பார்த்து நடுங்கியவர்களின் பிள்ளைகள் 'நொண்டி அண்ணே' என்று கூப்பிட்டார்கள்.

ஆட்டம் நடந்த அன்றே நோட்டில் எழுதினேன். வரவுப் பக்கத்தில், தம்பியின் வலது முழங்கால். செலவுப் பக்கத்தில் முதன்முறையாக என் பெயரைப் போட்டு, அதற்கு நேரேயும் அதே முழங்கால். அதோடு நோட்டை மூடினேன். கருப்பர் கோவில் படியையும் அதன்பின் ஏறவில்லை, வீட்டிலிருந்தே கும்பிட்டேன்.

மழைக்காலம் வந்தால் உங்கள் முழங்கால் வீங்கும். பற்றுப் போடும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். ஒரு தடவை நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

"எவனோ நம்மாளுதான் அவங்கெகிட்டப் போய்ச் சொல்லியிருக்கான் மதினி."

கரண்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

"போகட்டும். நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பான்" என்றீர்கள். நான் பற்றைத் தடவினேன். "சூடு பொறுக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் கம்பி வெட்டும் குறடு ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அந்த மணியை அறுத்தெறிந்துவிட வேண்டும் என்று. இத்தனை வருடத்தில் பச்சை பிடித்து, எழுத்து மறைந்து, எது என்றே தெரியாமல் போயிருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கறுத்துத் தொங்கிய அத்தனை மணிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று, நேற்று வார்த்தது போல மின்னியது. 'மதினி உபயம்' தூரத்திலிருந்தே படித்தது கண்.

பழைய பூசாரியின் மகன் வந்தார். "அதையா பாக்குறீக? அந்த நொண்டி ஐயா புளி போட்டுத் தேச்சது. செவ்வாய் தவறாம வந்துருவாக. ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறுவாக. நான் தேச்சுத் தாரேன்னா விடமாட்டாக. எங்க மதினி கட்டுனது, பச்சை பிடிக்க விட்றக் கூடாதும்பாக."

"எப்ப இருந்து வாராக?"

"எங்கப்பா காலத்துல இருந்து. காலு உடைஞ்சு கம்பு ஊண்டி நடந்த அந்த வருசமே வந்துட்டாகளாம்."

அப்படியென்றால், எவனோ என்று நீங்கள் சொன்ன அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.

குறடு இன்னும் முந்தானையில்தான் இருந்தது. அதை எடுக்காமலே இறங்கி வந்தேன். அதற்கடுத்த செவ்வாயிலிருந்து நான் போகிறேன். எனக்கும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்துதான் ஏற முடிகிறது. உங்கள் விரல் தேய்த்துத் தேய்த்து 'காலால்' என்ற சொல்லின் ஓரம் மழுங்கியிருக்கிறது. 'காத்ததற்கு' நன்றாகத் தெரிகிறது.

வீக்கம் செவ்வாய்க்குள் வடிந்துவிடும். பழம்புளி ஓர் உருண்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மதினி